நீலகிரிப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டிக்குக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது சிறுத்தை நடமாட்டத்தைப் பற்றித்தான். குன்னூர், கோத்தகிரிக் குடியிருப்புகளுக்குள் சிறுத்தை வருவது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் நாய்களைத் தேடித்தான் வருகிறது. சுற்றுலாப் பயணிகள் உண்மையில் அஞ்ச வேண்டியது, சமவெளியில் பழகிய வழக்கங்களை மலையிலும் அப்படியே தொடர்வதற்குத்தான்.

அவற்றுள் முதன்மையானது, மலையிலிருந்து இறங்கும் முறை. ஏறும்போது எல்லோருமே எச்சரிக்கையாக இருக்கிறார்கள். ஊர் திரும்பும் அவசரமும் களைப்பும் சேர்ந்துகொள்ளும் இறக்கத்தில்தான் கவனம் தளர்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று ஊட்டியைப் பார்த்துவிட்டுத் தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பேருந்து, குன்னூரை அடுத்த மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் உயிரிழந்ததும் இறக்கத்தில்தான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது வெறும் சம்பிரதாயமன்று. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்குக்கு வேலை குறைகிறது. மாறாக, மேல் கியரில் வேகமாக இறங்கிக்கொண்டு பிரேக்கை விடாமல் மிதித்தபடியே வந்தால், பிரேக் கட்டைகள் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காமல் போய்விடும். கருகிய வாடை வந்தால் அதுவே எச்சரிக்கை. உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, அரை மணி நேரமாவது சக்கரங்களை ஆறவிட வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறங்குவதும், எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவதும் தற்கொலைக்கு ஒப்பானவை. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாக இறுகிவிடும். கியரில்லாத ஸ்கூட்டர்களுக்கு எஞ்சின் பிடிப்பு குறைவு என்பதால், அவற்றில் இருவராக ஏறி வருவோர் இறங்கும்போது பலமுறை நின்று நின்று இறங்குவதே நல்லது.

குறுக்குவழி மோகம் அடுத்த தவறு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கைப்பேசி வரைபடம் காட்டும் மிகக் குறைந்த தூரம், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை. 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த 7 பேர் பயணம் செய்த கார் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்து, ஏறக்குறைய இரண்டு நாட்கள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது; ஐவர் உயிரிழந்தனர். வெளிமாவட்ட வாகனங்கள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டதற்குக் காரணம் இத்தகைய விபத்துகளே. கூடலூர் வழி இருமடங்கு சுற்று என்றாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொள்வது, சாலையை விடவும் ஓசையின்றிக் கொல்லும் தவறு. வெளியே இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருக்கும் தணலை வீணாக்குவானேன் என்று உள்ளே கொண்டுவந்து, சன்னல்களை இறுக மூடிப் படுத்துவிடுகிறார்கள். தணல் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழித்துக்கொள்ள வாய்ப்பே தராது. தணல் அணைந்துவிட்டதுபோல் தோன்றினாலும் சாம்பலுக்கடியில் கனன்றுகொண்டேதான் இருக்கும். குளிர் தாங்கவில்லையென்றால் விடுதியில் கூடுதலாக ஒரு கம்பளியையோ மின்சார ஹீட்டரையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதலாகப் பணம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

விலங்குகளைப் பொறுத்தவரை, யானையைக் கண்டு ஒதுங்குகிற நம்மவர்கள், தேயிலைத் தோட்டத்தில் அமைதியாக மேய்கிற காட்டெருமையை வீட்டு மாடாக எண்ணி அதனருகே நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு டன் எடை வரை வளரும் அவ்விலங்கு, தனக்கு ஒதுங்க வழியில்லை என்று உணர்ந்தால் பாய்ந்துவிடும். முப்பது மீட்டராவது தள்ளியே நிற்க வேண்டும். முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்குவது சட்டப்படியே குற்றம்.

மழைக்காலத்தில் போவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் ஊறிய மண்ணில் உயரமான மரங்கள் காற்றின்றியும் சாயக்கூடும். 2025 மே மாதம் ஊட்டி–கூடலூர் சாலையிலுள்ள ஒரு சுற்றுலாத் தலத்தில், மரம் விழுந்து கேரளத்துச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். சிவப்பு எச்சரிக்கை அறிவிக்கப்பட்டு சுற்றுலாத் தலங்கள் மூடப்படும் நாட்களில், ‘வந்ததற்கு எதையாவது பார்ப்போம்’ என்று பெயரில்லாத அருவிகளைத் தேடிப் போவது கூடாது. இ-பாஸ் பெற்றுவிட்டதாலேயே பாதை திறந்திருக்கும் என்று பொருளில்லை. கிளம்புவதற்கு முன் 1077 என்ற மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண்ணில் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.