கொழும்பில பழைய வெள்ளிக் குடிவகைச் சாமான் சேக்கிறவைக்கு: ஷேக்கர விட்டுட்டு ஜிகர்ல தொடங்குங்கோ

பழைய சாமான் கடையில கண்ணாடி அலுமாரிக்குள்ள குடிவகை கலந்து குலுக்குற கொக்டெய்ல் ஷேக்கர் ஒண்டு மினுங்கிக்கொண்டு நிக்கும், கடைக்காரர் "இங்கிலிஸ் வெள்ளி தம்பி, தோட்டத்துத் துரை வீட்டுச் சாமான்" எண்டுவார், நாங்களும் உடன காச எண்ணிக் குடுத்திடுவம். நான் குடுத்தனான். அடியில நாலு குட்டிப் பெட்டிக்குள்ள வரிசையா என்னவோ குத்தியிருந்தது, ஹோல்மார்க் (வெள்ளியின்ர சுத்தத்துக்குக் குத்துற சீல்) தானே எண்டு சந்தோசமா வெள்ளவத்தைக்குக் கொண்டு வந்து லென்ஸ வச்சுப் பாத்தா ஈ, பி, என், எஸ். அதுக்கு அர்த்தம், நிக்கல் சில்வருக்கு மேல கரண்டால பூசின வெள்ளி. நிக்கல் சில்வர்ல பேருக்குத்தான் சில்வர், உள்ளுக்க செம்பும் நிக்கலும் நாகமும் தான். அந்த நாலு பெட்டிய ஹோல்மார்க் மாதிரித் தெரியட்டும் எண்டே குத்தியிருக்கிறாங்கள், கடைக்காரர மட்டும் ஏசி வேலையில்ல.

பெர்மிங்ஹாம் எல்கிங்டன் ஆக்கள் 1840ல இந்தப் பூச்சு வேலைக்கு பேட்டன்ட் எடுத்தவை. அதுக்குப் பிறகு இங்கிலாந்துச் சாமான்ல பூச்சு தான் கூட. அதால 1945 - 65 காலத்து ஷேக்கர் உங்கட கைக்கு வந்தா அது பூச்சு எண்டு நினைச்சுக்கொண்டே பாக்கத் தொடங்குங்கோ. முழு வெள்ளி வேணுமெண்டா சின்னச் சாமானப் பாருங்கோ: குடிவகை அளந்து ஊத்துற குட்டிக் கிண்ணமான ஜிகர், போத்தல் கழுத்தில சங்கிலியோட தொங்குற 'விஸ்கி', 'பிரண்டி' லேபல், ஐஸ் இடுக்கி, சட்டைப் பொக்கெற்றுக்குள்ள போற ஃபிளாஸ்க். காசும் குறைவு, பிழை விட்டாலும் நோகாது.

கொழும்பில இதுகள் எங்கயிருந்து வருதெண்டா, ஒண்டு 1956க்குப் பிறகு ஒஸ்ரேலியாவுக்குக் கப்பலேறின பறங்கியர் வீடுகள், மற்றது 1972லயும் 75லயும் தோட்டங்கள அரசாங்கம் எடுத்த நேரம் துரைமார் விட்டுட்டும் வித்துட்டும் போன பங்களாச் சாமான். கிளப் பேரும் வருசமும் வெட்டின டாங்கார்ட் (கைபிடி வச்ச பெரிய பியர் கோப்பை) கூட அப்பிடித்தான் வெளியில வரும். ஞாயிறு பேப்பர்ல வீட்டுச் சாமான் ஏலம் எண்டு போட்டா முதல்நாள் பாக்க விடுவினம், அண்டைக்கே லென்சோட போங்கோ, ஏல நேரம் ஒண்டையும் வடிவாப் பாக்க ஏலாது.

சீல் வாசிக்கிறது கஷ்டமில்ல. இங்கிலாந்துச் சாமானெண்டா முதல்ல நடக்கிற சிங்கத்தத் தேடுங்கோ, பக்கவாட்டா, முன்னங்கால் ஒண்ட தூக்கிக்கொண்டு நிக்கும். அது இருந்தா ஸ்டெர்லிங், ஆயிரத்தில 925 பங்கு வெள்ளி. பக்கத்தில ஊர்ச் சீல்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பெர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்ட் (1975ல இருந்து அவை ரோசாப்பூவுக்கு மாறிட்டினம், அதால கிரீடம் இருந்தா அதுக்கு முந்தினது). பிறகு வருச எழுத்து, சீல் குத்தின வருசத்தச் சொல்லுறது. இதிலதான் கனபேர் தடுமாறுறது, ஏனெண்டா 1975 வரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கணக்கு. பெர்மிங்ஹாமுக்கு 1950 பெரிய ஏ, லண்டனுக்கு 1956 சின்ன ஏ. ஊரப் பாக்காம எழுத்த மட்டும் பாத்தா வருசம் பிழைக்கும். 1953 முடிசூட்டு நேரத்துச் சாமான் சிலதில மகாராணி தலையும் இருக்கும், அது கிடைச்சா விடாதேங்கோ. அமெரிக்கன் சாமானில சிங்கம் தேட வேண்டாம், 'ஸ்டெர்லிங்' எண்டு எழுத்திலயே குத்தியிருப்பினம். டென்மார்க்குக்காரர் ஸ்டெர்லிங்குக்கு 925 எண்டு போடுவினம், ஜேர்மன் சாமானில கனக்க 800 தான்.

சீல் தேஞ்சு போச்செண்டா தண்ணியக் கேளுங்கோ. நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்டு போதும். முதல் ஜிகர நிறுங்கோ, 78 கிராம் எண்டு வைப்பம். பிறகு தண்ணிக் கிளாஸ தராசில வச்சு பூச்சியமாக்கிட்டு, ஜிகர நூலில கட்டி முழுசா அமிழுற மாதிரித் தொங்க விடுங்கோ, அடியிலயும் பக்கத்திலயும் முட்டக்கூடாது, உள்ளுக்க காத்துக் குமிழும் நிக்கக்கூடாது. தராசு 7.5 காட்டினா 78அ 7.5ஆல பிரியுங்கோ, 10.4. ஸ்டெர்லிங் அந்தளவில தான் நிக்கும். பித்தளையோ நிக்கல் சில்வரோ எண்டா 9அத் தாண்டாது. காந்தம் வச்சுப் பாக்கிற ஆக்களும் இருக்கினம், பித்தளையும் தான் காந்தத்தில ஒட்டாது, பிறகு என்னத்தக் கண்டுபிடிக்கிறது. கடையில வெள்ளி சோதிக்கிற மெஷின்ல வச்சுப் பாத்துத் தாறம் எண்டாலும் அது மேல்தோலத்தான் வாசிக்கும், தடிப்பாப் பூசியிருந்தா ஏமாந்து போவீங்கள்.

அடி பாரமா இருக்கிற கிண்ணம், கப் எல்லாம் கவனம். உள்ளுக்க சீமெந்தோ பிசினோ நிரப்பி மேல தகடு மட்டும் வெள்ளியா இருக்கலாம், அதுக்கு தண்ணிக் கணக்கும் சரிவராது, நிறைக்குக் காசும் குடுக்கக்கூடாது. வாங்க முதல் வாயால ஒருக்கா ஆவி ஊதிப் பாருங்கோ. அழிச்ச பேரெழுத்தும் பழைய ஒட்டும் அந்தப் புகாருக்குள்ள ஒரு செக்கன் தெரியும். அழிச்ச இடம் விரலால அமத்தினா நெளியுதெண்டா அங்கயே வச்சிட்டுத் திரும்பி வந்திடுங்கோ.

விலைக்கு நான் பாக்கிற கணக்கு இதுதான்: ஸ்டெர்லிங் எண்டா, சாமான்ர கிராம் நிறையை 0.925ஆல பெருக்கி அண்டைய ஒரு கிராம் வெள்ளி விலையால பெருக்கினா உருக்கி விக்கிற விலை வரும். அதுக்குக் கீழ தந்தா சந்தேகப்படுங்கோ, அதுக்கு மேல எவ்வளவெண்டது வேலைப்பாட்டுக்கும் சீலுக்கும். செட்டியார் தெரு நகைக்கடையளுக்குக் கொண்டுபோனா நிறை மட்டும்தான் பேசுவினம், வடிவான லேபலும் அங்க வெறும் பழைய வெள்ளி.

கடல் பக்கத்து வீட்டில வெள்ளி கெதியாக் கறுக்கும். ரப்பர் பாண்ட் போடாதேங்கோ, கறுப்புக் கோடு விழும். பேப்பர்லயும் சுத்த வேண்டாம், பருத்தித் துணியில சுத்தி சிலிக்கா ஜெல்லோட சிப் பையில போட்டா காணும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் பட்டா அண்டைக்கே கழுவுங்கோ, உப்பு குழி விழுத்தும். அலுமினியம் பொயில், அப்பச்சோடா, சுடுதண்ணி வைத்தியம் வேலை செய்யும் தான், ஆனா சித்திர வேலைக்குள்ள இருக்கிற வடிவான கறுப்பையும் சேத்துக் கொண்டு போயிடும், அடி நிரப்பின சாமானுக்கு அறவே வேண்டாம்.

திருநீறு போட்டுத் தேய்க்கிறதும் அப்பிடித்தான். குத்துவிளக்குக்கு சரி, சீலுக்கு கூடாது. என்ர முதல் ஜிகர அம்மா "குடிக்கிற சாமான்" எண்டு தொடாம இருந்தவ, பிறகு என்ன நினைச்சாவோ சாமியறைக்குக் கொண்டுபோய் குங்குமம் போட்டு வச்சு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை திருநீறு போட்டுத் தேய்ச்சு, இப்ப சிங்கத்துக்கு முகமே இல்ல, வால் மட்டும் கொஞ்சம் தெரியுது.