பனிக்கட்டிக்குள் எழுத்து தேடாதீர்கள்

பத்திரிகையில் வந்த பான விளம்பரம் ஒன்றைக் கொடுத்து, "இதில் ஒளிந்திருக்கும் செய்தி என்ன?" என்று கேட்டால், விளம்பரங்களை அலசப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடுவது பூதக்கண்ணாடியை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் பார்க்கும்போது எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. நிறத்தைக் கவனி, வாசகத்தைக் கவனி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பனிக்கட்டிக்குள் எழுத்து தேடுவது

இந்த வழக்கத்துக்குப் பூர்வீகம் உண்டு. 1957இல் ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர், திரையரங்கில் படம் ஓடும்போது கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் 'கோக கோலா குடியுங்கள்' என்று காட்டியதில் விற்பனை 18.1 சதவீதம் ஏறியது என்றார். கையில் இருந்த தரவு மிகச் சொற்பம் என்று 1962இல் அவரே ஒப்புக்கொண்டார். கதை மட்டும் சாகவில்லை. 1973இல் வில்சன் பிரையன் கீ என்ற எழுத்தாளர், ஒரு ஜின் மது விளம்பரத்தின் பனிக்கட்டிகளில் 'செக்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருப்பதாக எழுதினார். அன்றிலிருந்து பனிக்கட்டிக்கு நிம்மதி இல்லை.

எனக்கும் ஒன்று கிடைத்தது. முழுப் பக்கக் குளிர்பான விளம்பரம்; கோப்பையின் மூன்றாவது கட்டியில் ஒரு கண். சத்தியமாகக் கண்தான்! ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, அம்புக்குறி போட்டுப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அதே இதழின் இன்னொரு பிரதி கைக்கு வந்தது. அதில் கண்ணைக் காணோம். அச்சில் கருப்பு மை மயிரிழை விலகி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு மைப் புள்ளிகளால் ஆனது அந்தப் படம். பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளிதான் மிஞ்சும். முகம் நாம் போடுவது.

சரி, கண் போகட்டும். இன்றைக்கும் உறுத்துவது வேறு. அந்தப் படத்தில் மேசைமேல் கோப்பைகள் இரண்டு, ஆள் ஒருத்திதான். இரண்டாவது கோப்பை நிரம்பியபடி நம் பக்கம் இருக்கிறது. காலி நாற்காலியும் நம் பக்கம்தான். அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள். விற்கப்பட்டது தாகசாந்தி இல்லை, நமக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்ற நினைப்பு. என்னுடைய பன்னிரண்டு பக்கத்தில் அந்த நாற்காலிக்கு ஒரு வரிகூட இல்லை.

வைத்ததையும் ஒளித்ததையும் குழப்புவது

படப்பிடிப்பில் பனிக்கட்டி பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். பாட்டில்மேல் நிற்கும் துளி கிளிசரின் கலந்த தண்ணீர். இவை கண்ணில் படவே வைத்தவை, ஒளித்தவை இல்லை. "கட்டியே போலி என்றால் எழுத்தும் செதுக்கியிருக்கலாமே?" என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் கேட்பார். செதுக்கலாம். ஆனால் முதலில் இன்னொரு பிரதியில் பாருங்கள். அப்புறம், என்ன தெரிய வேண்டும் என்று சொல்லாமல் வேறொருவரிடம் காட்டுங்கள்.

பக்கத்தை வெட்டி எடுப்பது

வெட்டாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பது உடற்பயிற்சிக் கட்டுரையா, விருந்துக் குறிப்பா என்பதும் விளம்பரம் சொல்வதில் சேர்த்தி.

"ஆழ்மனதைத் தாக்குகிறது" என்று முடிப்பது

யாருடைய ஆழ்மனதை? அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பொடி எழுத்தைத் தாண்டிப் போவது

பூதக்கண்ணாடி கையில் இருந்தால் இங்கே வையுங்கள். மேலே பாதிப் பக்கத்துக்கு ஆரஞ்சுப் பழம், பிளந்து, சாறு சொட்டச் சொட்ட. கீழே எறும்பு சைஸில் 'ஆரஞ்சுச் சுவையூட்டப்பட்டது'. சாறு என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.