தன்னிறைவு வாழ்வுக்கு ஒரு கவுண்டியை மதிப்பிடுவது எப்படி: ஒகனோகன் காட்டும் வழி

அமெரிக்காவில் நகரத்தை விட்டு விலகிச் சொந்த நிலத்தில் உணவையும் விறகையும் தேடிக்கொள்ளவும், பேரிடர் வந்தாலும் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கவும் விரும்புவோர் முதலில் ஒரு கவுண்டியை, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டட அனுமதி, சொத்து வரி, ஊர்ச்சாலைகள் ஆகியவை பெரும்பாலும் கவுண்டி அளவில் முடிவாவதால் அது நியாயமான தொடக்கமே. வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கே, கனடா எல்லையை ஒட்டிய ஒகனோகன் கவுண்டியை எடுத்துக்கொண்டால் மதிப்பீட்டின் பெரும்பாலான படிகள் தெளிவாகும். சுமார் 13,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2020 கணக்கெடுப்பின்படி 42,104 பேர் மட்டுமே வாழும் இந்தக் கவுண்டியில் ஆறுகளும் ஆப்பிள் தோட்டங்களும் பைன் காடுகளும் இருப்பதால், நில விளம்பரங்களில் இது குறையற்ற இடமாகவே தோன்றும்.

முதலில் ஆராய வேண்டியது நீர். அதிலும் நீர் இருக்கிறதா என்பதைவிட, அதை எடுக்க உரிமை இருக்கிறதா என்பதே முந்திய கேள்வி. காஸ்கேடு மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் ஒமாக் நகரில் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். அங்கே பச்சையாகத் தெரியும் ஒவ்வொரு வயலும் பாசனத்தால் பச்சையானது. மாநிலத்தின் 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. வறண்ட ஆண்டில் பிந்திய உரிமையாளரின் மதகுதான் முதலில் மூடப்படும். தக்க காரணமின்றித் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாத உரிமை இழக்கப்படலாம் என்பதால், நிலத்தின் ஓரமாக ஓடை ஓடுவதைக் காட்டி விற்பவர் சொல்லும் சொல்லுக்கு ஆவண மதிப்பு எதுவும் இல்லை. நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்க்காமல் மனை வாங்காதவர்கள், இங்கே நீருரிமையின் தேதி, அளவு, கடைசியாகப் பயன்படுத்திய ஆண்டு ஆகிய மூன்றையும் அதே கண்டிப்புடன் பார்க்க வேண்டும்.

வீட்டுத் தேவைக்குத் தனி அனுமதியின்றி ஆழ்துளைக் கிணறு போடச் சட்டம் இடம் தருகிறது. நாளொன்றுக்கு 5,000 கேலன், அதாவது சுமார் 18,900 லிட்டர் வரை வீட்டுக்கு எடுக்கலாம். அரை ஏக்கருக்கு மிகாத, விற்பனை நோக்கமற்ற தோட்டத்துக்கும் பாய்ச்சலாம். ஐம்பது சென்ட் நிலத்தில் காய்கறியும் உருளைக்கிழங்கும் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாக விளையும். தானியத்தையும் மாட்டுத் தீவனத்தையும் அதில் எதிர்பார்க்க முடியாது. இந்தச் சலுகையும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை: மெத்தோ ஆற்று வடிநிலத்துக்கு 1976 முதலே தனி விதிகள் உண்டு, 2018இல் வந்த சட்டம் புதிய வீட்டுக் கிணறுகளைப் பற்றி வடிநிலத்துக்கு வடிநிலம் வேறுபட்ட நிபந்தனைகளை வைத்தது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்தக் குறிப்பிட்ட மனைக்குச் சட்டப்படி போதுமான நீர் உண்டு எனக் கவுண்டி ஏற்றுக்கொள்ளுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாநிலச் சூழலியல் துறை கிணறு தோண்டியவர்களின் அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அண்டை நிலங்களின் கிணற்று ஆழத்தையும் நிமிடத்துக்கு எத்தனை கேலன் கிடைத்தது என்பதையும் அவற்றில் காணலாம்.

மண்ணைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆற்றோரத்துச் சமதளங்களில் பழைய ஆப்பிள் தோட்டங்கள் இருந்த இடங்களில், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் பூச்சிகொல்லியாகத் தெளித்த ஈய ஆர்சனேட் இன்னும் மேல்மண்ணில் தங்கியிருக்கலாம். பார்வைக்கு மிகச் சிறந்ததாகத் தெரியும் தோட்ட நிலமே சோதனை மிகுதியாகத் தேவைப்படும் நிலமாக இருப்பது இந்தப் பகுதியின் முரண். ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் மண்ணையும், ஆர்சனிக், யுரேனியம், நைட்ரேட், கிருமிகள் ஆகியவற்றுக்குக் கிணற்று நீரையும் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள்.

குளிர் உயரத்தைப் பொறுத்து மாறும். மெத்தோ பள்ளத்தாக்கின் வின்த்ரோப்பில் 1968 டிசம்பர் 30 அன்று பதிவான மைனஸ் 48 பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 44 செல்சியஸ், மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையாக இன்றும் நிற்கிறது. உயரமான பள்ளத்தாக்குகளில் ஜூன் மாதத்திலும் உறைபனி விழக்கூடும் என்பதால், கவுண்டியின் சராசரியை நம்பாமல் மனைக்கு அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவைப் பாருங்கள்.

இந்தக் கவுண்டியில் பேரிடர் என்றால் முதன்மையாகக் காட்டுத்தீதான். 2014 ஜூலையில் மின்னல் தாக்கித் தொடங்கிய கார்ல்ட்டன் தீ இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்து, 300க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. பட்டெரோஸ் என்ற சிற்றூர் அதில் பல வீடுகளை இழந்தது. அடுத்த ஆண்டே ட்விஸ்ப் அருகே மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். தன்னிறைவை நாடுவோர் இதில் கவனிக்க வேண்டியது தீயோடு வந்த தொடர்விளைவுகளை. 2014இல் மின்தடங்கள் எரிந்ததால் மெத்தோ பள்ளத்தாக்கில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாதபோது கிணற்று மோட்டாரும் ஓடாது. அந்த ஆகஸ்டிலேயே கருகிய சரிவுகளில் கனமழை பெய்து, சேற்று வெள்ளம் சாலைகளை மூடியது. எனவே மனையைப் பார்க்கும்போது, எதிரெதிர்த் திசைகளில் வெளியேற இரண்டு வழிகள் உள்ளனவா, வீடு மலைச்சரிவின் மேல்பகுதியிலோ ஓடையின் வாய்க்கு நேரிலோ இருக்கிறதா, கிணற்றை மின்கம்பியின்றி இயக்க முடியுமா என்பவற்றைப் பாருங்கள். ஒற்றைப் பாதை மட்டும் உள்ள மலைமுகட்டு வீடு எவ்வளவு மறைவாக இருந்தாலும் நான் அதைத் தள்ளிவிடுவேன். தீக் காப்பீடு கிடைக்குமா என்றும் முன்பே விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அதையும் ஒரு மதிப்பீடாகவே கொள்ளலாம்.

தொலைவும் கணக்கில் வர வேண்டும். ஒமாக், டொனாஸ்கெட், ப்ரூஸ்டர் ஆகிய மூன்று ஊர்களிலும் சிறு மருத்துவமனைகள் உண்டு. பெரிய சிகிச்சைக்கு ஒமாக்கிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெனாட்சிக்குப் போக வேண்டியிருக்கும். மேற்குக் கரைக்குச் செல்லும் 20ஆம் எண் மலைச்சாலை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனியால் மூடப்படுகிறது. பசிபிக் கரையோரத்தில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தால் இங்கே வீடுகள் தப்பினாலும், எரிபொருளும் மருந்தும் வருவது தடைப்படலாம் என்பதால், இருப்பு வைக்கும் கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். கவுண்டியின் தென்கிழக்கில் பெரும் பகுதி கால்வில் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம். அங்கே நிலம், நீர் ஆகியவற்றின் அதிகார எல்லைகள் வேறு.

இவ்வளவையும் தாளில் முடித்த பிறகே நேரில் செல்லுங்கள். மே மாதத்து மலர்க்காலத்தில் போனால் எந்த நிலமும் பிடித்துவிடும். புகை சூழும் ஆகஸ்டில் ஒரு முறையும், பாதையில் பனி கிடக்கும் பிப்ரவரியில் ஒரு முறையும் போங்கள். உள்ளூர்த் தீயணைப்பு அமைப்பில் எத்தனை தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களின் வண்டி அந்த மனைக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும், குளிர்காலத்தில் அந்தச் சாலையின் பனியைக் கவுண்டி அகற்றுகிறதா அல்லது அண்டை வீட்டார் பகிர்ந்துகொள்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.