நரி ராபின் ஹூட்டைப் பெரியவரான பிறகு பார்ப்பது எப்படி

டிஸ்னியின் ‘ராபின் ஹூட்’ (1973) படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்காக எழுதுவது இது. நரி, கரடி, கட்டைவிரல் சூப்பும் சிங்கம், விசிலடித்துக்கொண்டே வரும் சேவல், இவ்வளவு சொன்னதுமே அந்த விசில் மெட்டு காதில் கேட்டுவிட்டது என்றால் நீங்கள் மேலே படிக்கலாம். படம் 83 நிமிடம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஆனால் சும்மா போட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதியில் ஃபோனை எடுத்துவிடுவீர்கள், அதனால்தான் சில யோசனைகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கதைக்காக இதைப் பார்க்காதீர்கள். கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. மாறுவேடம் போடுகிறார்கள், கொள்ளையடிக்கிறார்கள், போட்டி நடக்கிறது, பாட்டு வருகிறது, சிறையை உடைக்கிறார்கள், திடீரென்று ராஜா திரும்பி வந்து எல்லாம் முடிந்துவிடுகிறது. வால்ட் டிஸ்னி 1966-ல் இறந்த பிறகு அவர் கை படாமல் உருவான முதல் முழுநீள அனிமேஷன் படம் இது, அந்தத் தடுமாற்றம் திரைக்கதையில் நன்றாகவே தெரிகிறது. படத்தைத் தூக்கி நிறுத்துவது அதில் வரும் ஆட்களும், அவர்களை வரைந்த கைகளும், அவர்களுக்குக் குரல் கொடுத்த நடிகர்களும்தான். அவர்களைக் கவனிக்கத் தெரிந்துகொண்டால் சின்ன வயதில் ரசித்ததைவிடக் கூடவே ரசிக்கலாம்.

சரி, டிவியிலிருந்து ஆரம்பிப்போம். இப்போது வரும் பெரிய டிவிகளில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கும், பிக்சர் செட்டிங்ஸுக்குள் ‘மோஷன்’ என்று ஏதாவது ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இந்த மாதிரிப் படங்களில் நொடிக்கு 24 ஃபிரேம், பெரும்பாலும் ஒரு ஓவியத்தையே இரண்டு ஃபிரேமுக்கு வைத்திருப்பார்கள். நடுவில் இல்லாத ஃபிரேமை டிவி தானாகவே கற்பனை செய்து சொருகினால் ஓவியருடைய தாளம் கெட்டு, நரியும் கரடியும் எண்ணெய் தடவிய தரையில் வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ இருந்தால் அதையும் அணையுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கேசட்டில் சதுரமாகப் பார்த்த ஞாபகம் இருக்கலாம், இப்போது அகலமாக வரும், வருகிறபடியே விடுங்கள். வேறு மொழி டப்பிங் கிடைத்தாலும் இந்த ஒரு படத்துக்கு ஆங்கில ஒலியையே வைத்து சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். ‘இந்த இடம் எனக்கு ஞாபகம் இருக்கு’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம் (சொல்லாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்). இன்னும் பார்க்கவில்லை என்றால் இதை இங்கேயே விட்டுவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். மீதி எல்லாம் இரண்டாவது தடவைக்கானது.

இரண்டாவது தடவை முழுப் படத்தையும் பார்க்கத் தேவையில்லை. நேராகக் காட்டில் நடக்கும் அந்தக் கொண்டாட்டப் பாட்டுக்குப் போங்கள். சிங்கமான இளவரசன் ஜானைக் கிண்டலடித்து ராபினின் தோழன் கரடி லிட்டில் ஜான் பாட, மொத்தக் கூட்டமும் ஆடுமே, அது. ஒலியை நிறுத்திவிட்டு ராபினின் காதலி மேரியன் கையை உயர்த்திச் சுழன்று ஆடும் இடத்தை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம் 1937-ல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் குள்ளர்களின் வீட்டில் அவள் ஆடும் காட்சியைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். அதே அடி, அதே திரும்பல், அதே கை. அந்தப் பழைய அசைவின் மேல் நரியை வரைந்திருக்கிறார்கள்! இங்கே இன்னொரு அடுக்கும் உண்டு. ஸ்னோ ஒயிட்டுக்காக 1930களில் மார்ஜ் சாம்பியன் என்ற நடனப் பெண்ணை ஆட வைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். ஆக, ஷெர்வுட் காட்டில் ஒரு பெண் நரி ஆடுவது உண்மையில் அந்த அமெரிக்கப் பெண்ணின் ஆட்டம்.

அதே பாட்டில் லிட்டில் ஜானும் லேடி க்ளக் என்ற அந்தக் குண்டுக் கோழியும் ஜோடியாக ஆடுவது ‘ஜங்கிள் புக்’கில் (1967) கரடி பலூவும் குரங்கு ராஜா லூயியும் ஆடியது. வாத்தியம் வாசிப்பவர்களில் சிலர் ‘அரிஸ்டோகேட்ஸ்’ (1970) படத்துப் பூனைக் கச்சேரியிலிருந்து வந்தவர்கள். இயக்குநர் வுல்ஃப்கேங் ரைதர்மேன் பழைய அசைவுகளை எடுத்துப் பயன்படுத்துவதில் கூச்சமே படாதவர். இதை ஏமாற்று வேலை என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு இளவரசியின் நளினம் நரிக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்ப்பதே தனிச் சுகம், தெரிந்த பிறகு அந்தப் பாட்டு இன்னும் பிடித்துப்போனது.

அங்கேயே ஒரு ஃபிரேமில் நிறுத்தி லிட்டில் ஜானின் கழுத்து ஓரத்தையும் கை ஓரத்தையும் பாருங்கள். கோடு ஒன்றாக இருக்காது, இரண்டு மூன்று பென்சில் கோடுகள் அழியாமல் நிற்கும். 1950கள் வரை ஓவியரின் பென்சில் கோட்டை வேறொருவர் மையில் அழகாகப் பிரதியெடுத்து வந்தார்கள். 1961-ல் வந்த ‘101 டால்மேஷன்ஸ்’ படத்திலிருந்து ஓவியரின் தாளை ஜெராக்ஸ் முறையில் நேரடியாகச் செல்லுலாய்டு என்ற ஒளிபுகும் தாளுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். செலவு குறைந்தது, கூடவே அந்தக் கரடுமுரடான கோடும் திரைக்கு வந்தது. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அணைக்கச் சொன்னது இதற்குத்தான், அது இந்தக் கோடுகளைத்தான் முதலில் அழுக்கென்று நினைத்துத் துடைக்கும்.

அடுத்தது காது. கண்ணை மூடிக்கொண்டு லிட்டில் ஜான் பேசுவதைக் கேளுங்கள். பலூவேதான், குரல் கொடுத்தவர் அதே ஃபில் ஹாரிஸ், உடம்பும் ஏறக்குறைய அதே கரடி உடம்பு. ஷெரீஃபாக வரும் ஓநாய்க்குப் பேட் பட்ராம், துறவியாக வரும் ஃபிரையர் டக்குக்கு ஆண்டி டிவைன், கழுகுக் காவலர்களில் ஒருவருக்குக் கென் கர்ட்டிஸ். எல்லோரும் கௌபாய் படங்களிலும் தொடர்களிலும் பேர் வாங்கியவர்கள். சேவலாக வந்து கதை சொல்லிப் பாடும் ரோஜர் மில்லர் அமெரிக்க ‘கன்ட்ரி’ இசைப் பாடகர். நாட்டிங்ஹாம் என்று சொல்லிக்கொண்டு ஊர் முழுக்க அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சு! பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது எப்படி என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் வரி வசூலிக்க வரும் அதிகாரி கௌபாய் படத்துக் கிராமத்து ஷெரீஃப் மாதிரி இழுத்து இழுத்துப் பேசும்போது, அந்த மெத்தனத்திலேயே ஒரு பயமுறுத்தல் வந்துவிடுகிறது. பிறந்தநாள் கொண்டாடும் முயல்குட்டி ஸ்கிப்பியின் ஒற்றை ஃபார்திங் காசைச் சிரித்துக்கொண்டே பறிக்கும் காட்சியில் கவனியுங்கள். குரலை உயர்த்தவே மாட்டான். கொஞ்ச நேரத்தில் குருட்டுப் பிச்சைக்காரன் வேடத்தில் ராபின் வந்து அதே குட்டிக்குத் தன் வில்லையும் தொப்பியையும் கொடுத்துவிட்டுப் போவான். பெரிய தொப்பி அதன் கண்ணை மறைக்கும்.

இந்தக் கூட்டத்தில் சுத்தமான ஆங்கிலேய உச்சரிப்போடு கலக்குகிறவர் பீட்டர் உஸ்தினோவ். இளவரசன் ஜானுக்கு அவர் குரல், கடைசியில் வரும் ரிச்சர்டு ராஜாவுக்கும் அவர்தான். படத்தின் உண்மையான ஹீரோ ஜான் என்று நான் சொன்னால் சண்டைக்கு வராதீர்கள். அவன் வரும் காட்சிகளை மட்டும் தனியாகப் பாருங்கள். பிடரி இல்லாத சிங்கம், அண்ணன் ரிச்சர்டுடைய கிரீடம் பெரிதாக இருந்து காதில் நழுவுகிறது, யாராவது அம்மா என்று சொன்னால் போதும், ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலை வாயில் வைத்துச் சூப்ப ஆரம்பித்துவிடுவான். பக்கத்தில் சர் ஹிஸ் என்ற பாம்பு, குரல் டெர்ரி-தாமஸ். அந்த நடிகரின் முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி பாம்புக்கும் இருக்கிறது, அதன் வழியாகத்தான் நாக்கு வெளியே வரும். இவர்கள் இருவரும் வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் முதல் காட்சி, குறி சொல்லும் பெண்கள் வேடத்தில் ராபினும் லிட்டில் ஜானும் வந்து மோதிரக் கல்லிலிருந்து வண்டிச் சக்கரத்துத் தங்க மூடி வரை உருவிக்கொண்டு போகும்வரை, படத்திலேயே சிறந்த பத்து நிமிடம்.

சலிப்பூட்டும் இடங்களும் இருக்கின்றன, தயங்காமல் தாண்டிவிடலாம். வில்வித்தைப் போட்டி நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது. ஷெரீஃப் வில்லைத் தட்டிவிட்டதில் மேலே போன அம்பை இரண்டாவது அம்பால் அடித்து இலக்குக்குத் திருப்புவது அருமை. அதற்குப் பிறகு வரும் அடிதடி நீண்டுகொண்டே போகிறது. நடுவில் லேடி க்ளக் காண்டாமிருகக் காவலர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும்போது பின்னணியில் வருவது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளின் பாட்டு. அதனால்தான் அமெரிக்கர்கள் அங்கே சிரிக்கிறார்கள், நமக்குப் புரியாமல் போனதில் வியப்பில்லை. மேரியனுக்கு நடந்ததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. காட்டு நடனம் முடிந்ததும் காணாமல் போகிறவள் கடைசிக் கல்யாணத்தில்தான் தலைகாட்டுகிறாள்.

முடிவு அவசரமாக இருக்கிறது என்று உங்களுக்கும் தோன்றியிருந்தால், 2006-ல் வந்த டிவிடி பதிப்பில் சேர்த்திருக்கும் மாற்று முடிவைத் தேடிப் பாருங்கள். வெறும் கதைப்பலகை ஓவியங்கள்தான். காயம்பட்ட ராபின் தேவாலயத்தில் கிடக்க, ஜான் கொல்ல வர, அந்த நேரத்தில் ரிச்சர்டு வந்து நிற்கிறான். இது கொஞ்சம் இருட்டான முடிவு, ஆனால் ராஜா எப்படி வந்தான் என்ற கேள்விக்காவது பதில் கிடைக்கிறது.

ராபின் ஏன் நரி என்று குழந்தைகள் கேட்பார்கள். ஐரோப்பாவின் பழைய கதைகளில் ரெனார்டு என்று ஒரு தந்திர நரி உண்டு, அவனை வைத்துப் படமெடுக்கும் யோசனை டிஸ்னியில் வெகுகாலம் கிடந்தது, ஆனால் ரெனார்டு சுத்த அயோக்கியன். கதை, பாத்திர வடிவமைப்புகளைச் செய்த கென் ஆண்டர்சன் அந்த நரியை ராபினாக்கிவிட்டார். சின்னக் குழந்தைகளோடு பார்த்தால் இரண்டு இடங்களில் பக்கத்தில் இருங்கள்: ஃபிரையர் டக்கைத் தூக்கில் போட மேடை கட்டும் இடம், கடைசியில் கோட்டை எரிந்து ராபின் அகழியில் குதித்த பிறகு தொப்பி மட்டும் மிதந்து வரும் இடம். சிறையில் மழை பெய்யும் பாட்டின்போது குழந்தை எழுந்து போனால் விட்டுவிடுங்கள், அந்தப் பாட்டு பெரியவர்களுக்கானது.

குழந்தைக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் படம் முடிந்ததும் சரித்திரத்தையும் பேசலாம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. படத்தில் வரியால் ஊரைக் கசக்குவது ஜான், காப்பாற்ற வருவது ரிச்சர்டு. நிஜத்தில் என்ன நடந்தது? 1189-ல் ராஜாவான ரிச்சர்டு பத்து வருட ஆட்சியில் இங்கிலாந்தில் இருந்தது மொத்தமே ஆறு மாதம் போல. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் பிடிபட்டான், கேட்ட மீட்புத் தொகை 1,50,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு). அதைத் திரட்ட ஜனங்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நான்கில் ஒரு பங்கு கேட்டார்கள், தேவாலயத்து வெள்ளிப் பாத்திரங்கள்கூடப் போயின. அதாவது அந்த வருடங்களில் இங்கிலாந்தைப் பிழிந்த பெரிய வரி நல்ல ராஜாவை மீட்பதற்கான வரி! பணத்தோடு ஜெர்மனிக்கே நேரில் போனது அவர்களுடைய அம்மா எலினார். அம்மாவுக்கு ரிச்சர்டைத்தான் பிடிக்கும் என்று படத்தில் ஜான் புலம்புகிறானே, அதற்குச் சரித்திரத்திலும் ஆதாரம் உண்டு. 1194 மார்ச்சில் திரும்பி வந்த ரிச்சர்டு முற்றுகையிட்டுப் பிடித்தது எதை தெரியுமா? ஜானின் ஆட்கள் வைத்திருந்த நாட்டிங்ஹாம் கோட்டையை.

ராபின் மட்டும் இந்தச் சரித்திரத்தில் எங்கேயும் சரியாக அகப்படுவதில்லை. பழைய பாட்டுக் கதைகளில் ஒன்றில் வரும் ராஜாவின் பெயர் எட்வர்டு, ரிச்சர்டு அல்ல. ரிச்சர்டு காலத்தில் அவனைக் கொண்டுபோய் வைத்தது 1521-ல் எழுதிய ஒரு ஸ்காட்லாந்து அறிஞர். மேரியன் அந்தப் பழைய பாட்டுகளில் கிடையாது, மே மாத விழா ஆட்டங்களிலிருந்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள். ஒவ்வொரு தலைமுறையும் அவனுக்குத் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. வாலும் கூர்மூக்கும் சேர்த்தது டிஸ்னி, அவ்வளவுதான்.

அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்டால், எரால் ஃபிளின் நடித்து 1938-ல் வண்ணத்தில் வந்த ராபின் ஹூட் படம். அதிலும் மாறுவேடம், அதிலும் வில்வித்தைப் போட்டி. பார்த்துவிட்டு, முடிந்தால் அதே வாரத்தில், நரியின் போட்டிக் காட்சியை மட்டும் மறுபடி ஒருமுறை போடுங்கள். எங்கிருந்து எதை எடுத்தார்கள் என்று உங்கள் கண்ணே கண்டுபிடித்துவிடும்.