அலுவலகத்துக்கு நெட் லைன் எடுக்கிறீர்களா? வேகத்தைக் கடைசியில் பாருங்கள்

அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். உரிமையாளர்கள் எடுத்ததும் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் வேகம் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "ஒரு மணி நேரம் நெட் இல்லையென்றால் இங்கே எந்த வேலை நிற்கும்?" பில் போட முடியாதா, போன் வராதா, மெயில் மட்டும் தாமதமாகுமா? எந்த லைன் வேண்டும் என்பதை இந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

வேகக் கணக்கு சுலபம். ஒரே நேரத்தில் 8 பேர் வீடியோ காலில் இருந்தாலும், ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 32தான். ஆனால் அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் டவுன்லோடு. நம் குரலும் முகமும், கேமரா பதிவும், கிளவுட் பேக்கப்பும் போவது அப்லோடில்.

அடுத்து ஒப்பந்தம். லைன் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி தந்தால் வருடத்துக்கு 9 மணி நேரத்துக்குள் தடை, 99.5 என்றால் கிட்டத்தட்ட 44 மணி நேரம். அதைவிட முக்கியம், அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள், விடுமுறை நாளிலும் வருவார்களா என்பது. எழுத்தில் தரச் சொல்லுங்கள். சாதாரண பிராட்பேண்டில் இந்த உறுதி பெரும்பாலும் கிடைக்காது. உங்களுக்கென்றே தனியாக ஒதுக்கித் தரும் லீஸ்டு லைன் விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னைக் கேட்டால், நின்றுபோனால் வியாபாரமே முடங்கும் இடத்துக்கு இரண்டு லைன் கட்டாயம். இரண்டு நிறுவனத்திடம் வாங்கினால் மட்டும் போதாது. வெளியே போய் வயர் வரும் வழியைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரே குழாயில் வந்தால், பொக்லைன் ஒரு தடவை தோண்டினாலே இரண்டும் போச்சு. அதனால் ஒன்று ஃபைபர், மற்றொன்று 4ஜி அல்லது 5ஜி என்று வைப்பதே எனக்குப் பிடிக்கும். ஒன்று கவனியுங்கள்: மொபைல் லைனில் பெரும்பாலும் தனி பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக வந்து சேரக்கூடிய இணைய முகவரி, இருக்காது. வெளியிலிருந்து அலுவலக கேமராவையோ சர்வரையோ நேரடியாகத் திறக்கிறவர்கள் இதை முன்பே பேசிவிட வேண்டும்.

தானாக லைன் மாறும் ரவுட்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில ரவுட்டர்கள் கேபிள் செருகியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் உள்ளே இருக்கும் ஃபைபர் பெட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கும்? ரவுட்டர் லைன் நன்றாக இருப்பதாக நினைத்து மாறாமலே நிற்கும். வெளி முகவரி ஒன்றுக்கு பிங் எனும் சின்ன சோதனைச் செய்தி போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள். அப்புறம் பெட்டிக்கு வரும் ஃபைபர் வயரையே கழற்றி, லைன் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வழியில் ஃபைபரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், கரண்ட் போனாலும் பெரும்பாலும் நெட் ஓடும்.

லைன் வந்த முதல் மாதம், வைஃபை இல்லாமல் கேபிளில் இணைத்த ஒரு கணினியில் பிங்கை நேரத்தோடு பதிவு செய்து வையுங்கள். "அடிக்கடி போகுது" என்பதைவிட, எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டினால் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.