கனடாச் செய்முறையும் கல்லடி மணலும்: சாடிக் கலவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் விறாந்தையிலும் மொட்டை மாடியிலும் சாடி வைத்துக் கொச்சிக்காய், கத்தரி, தக்காளி வளர்க்கும் வீடுகளுக்கு இப்போது பஞ்சமில்லை. வளவில் இடமில்லாத குறை ஒருபுறம், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையின் மணலில் எதைப் போட்டாலும் தண்ணீரோடு கீழே போய்விடும் குறை மறுபுறம் என்று இரண்டும் சேர்ந்து ஆட்களைச் சாடிப் பக்கம் தள்ளிவிட்டன. சாடிக்குள் எதை நிரப்புவது என்ற கேள்விக்கு மட்டும் விடை பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒரு காணொளி அனுப்புவார். அதில் ஒருவர் பீட் (சதுப்பில் உக்கிய பாசி), பேர்லைட் (காற்றோட்டத்துக்கான இலேசான வெள்ளைக் கல்மணி), கூட்டெரு மூன்றையும் சம அளவில் கொட்டி, எலும்புத்தூள், இரத்தத்தூள், கடற்பாசித்தூள், பாறைப் பொஸ்பேற்று என்று வரிசையாகத் தூவிப் பிரட்டிவிட்டு, இனித் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்பார்.

அந்தச் செய்முறைகளில் பல, வீட்டுக்குள் விளக்கொளியில் கஞ்சா வளர்ப்பவர்களிடையே உருவாகிப் பரவியவை. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் அது சட்டபூர்வமானது. கூட்டாட்சிச் சட்டம் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை இடம் தருகிறது. இலங்கையில் அச்செடியை வீட்டில் வளர்ப்பது குற்றம். இக்கட்டுரையும் அதைப் பற்றியதன்று. செடி அங்கேயே நின்றுவிட, செய்முறை மட்டும் கொச்சிச் சாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. செய்முறையில் குறையில்லை. அது பீட்டை அடிப்படையாக வைத்து, குளிரூட்டிய அறைக்காக, மூன்று நான்கு மாதங்களில் அறுவடை முடிந்துவிடும் ஒரு பயிருக்காக எழுதப்பட்டது. நம்மிடம் இருப்பதோ தும்புத்தூள், உவர்க் கிணறு, கச்சான் காற்றோடு வரும் வெயில், மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டிருக்கும் கொச்சி. பெரும்பாலான தவறுகள் இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

முதலில் சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். கனடாச் சதுப்புகளில் வெட்டியெடுக்கும் பீட் கடும் அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். பெறுமானம் 4 அளவில் இருக்கும் (7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). அதனால்தான் அங்கே டொலமைற் சுண்ணாம்பை அள்ளிப் போடுகிறார்கள். தும்புத்தூளின் பெறுமானம் இயல்பாகவே 5.5 முதல் 6.5 வரை இருப்பதால், பீட்டுக்குச் சொன்ன அளவு டொலமைற்றைத் தும்புத்தூளில் கலந்தால் கலவை காரப்பக்கம் ஏறிவிடுகிறது. ஏறியதும் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்கிறது. குருத்திலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிவது அதன் அடையாளம். அதைக் கண்டு பசளை போதவில்லை என்று எண்ணி மேலும் எலும்புத்தூளும் சாம்பலும் போடுபவர்கள் உண்டு. சாம்பலும் காரமே என்பதால், அது எரிகிற வீட்டுக்கு எண்ணெய் வார்த்த கதையாக முடியும்.

தும்புத்தூளைக் கழுவாமல் பாவிப்பதுதான் இப்பகுதியில் நான் அதிகம் காணும் தவறு. தென்னை இயல்பாகவே உப்பைத் தாங்கும் மரம். அதன் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைட் மூன்றும் நிறைய உண்டு. மட்டையை உவர்நீரில் ஊறவிட்டுத் தும்பு எடுத்திருந்தால் சோடியம் இன்னும் கூடிவிடும். அழுத்திய கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அது பொங்கி எழும், தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும். அந்த நிறம் வெளுத்ததும் உப்பும் போய்விட்டது என்று நினைப்பது பிழை. நிறம் தருவது மட்டையிலுள்ள தனின், உப்புக்கு நிறமில்லை. மூன்று தடவை ஊறவைத்து, ஒவ்வொரு தடவையும் முழுவதும் வடியவிட்டுப் பிழிய வேண்டும். கழுவும் நீரும் முக்கியம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி போன்ற இடங்களில் கோடை முற்ற முற்றக் கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கினால், அந்த நீரால் கழுவுவது ஓர் உப்பைக் கொடுத்து இன்னோர் உப்பை வாங்குவதாகும். மாரியில் பீலியால் இறங்கும் மழைநீருக்குக் கீழே சாக்கோடு வைத்துவிடுவதே எனக்குத் தெரிந்த மலிவான வழி.

கழுவிய பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. தும்புத்தூள் தன் மேற்பரப்பில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். கல்சியமும் மக்னீசியமும் வந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு முன்னவற்றை விடும். ஆகவே நாம் செடிக்கென்று போடும் கல்சியத்தின் முதற் பங்கு தும்புத்தூளுக்கே போகிறது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் காய்வதற்குச் சாடிகளில் இது ஒரு முக்கிய காரணம். 10 லீற்றர் கலவைக்கு 10 முதல் 15 கிராம் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) சேர்த்து ஈரமாக ஒரு வாரம் விட்டால் நிலைமை பெரிதும் சீராகும். ஜிப்சம் காரத்தன்மையைக் கூட்டாது. ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 2.4 கிராமுக்கு மேல் கரையாது என்பதால் கொஞ்சம் கூடிப்போனாலும் வேரைச் சுடாது. முட்டைக் கோதை நொறுக்கிப் போடுவதால் தீங்கில்லை. ஆனால் அது கரைந்து கல்சியம் தரும் முன் அந்தத் தக்காளியின் ஆயுள் முடிந்துவிடும்.

பேர்லைட்டுக்கு அலைய வேண்டியதில்லை. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலைகளின் பின்னால் மலைபோல் கிடக்கும் உமியைக் கரியாக்கினால் அதே வேலையைச் செய்யும். இங்கே இரண்டு பிழைகள் நடக்கின்றன. பச்சை உமியை அப்படியே கலப்பவர்கள் சாடியில் கொச்சியோடு நெல்லும் முளைத்திருப்பதைக் காண்பார்கள். கரியாக்கும்போது நேரத்துக்குத் தண்ணீர் தெளித்து அணைக்காதவர்களுக்கு மிஞ்சுவது வெண்சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. காற்றோட்டம் தராது, காரத்தன்மையை மட்டும் தரும். உமி உருக்குலையாமல், விரலில் கறுப்பு ஒட்டும் பருவத்தில் அணைத்ததே சரியான உமிக்கரி.

காற்றோட்டத்துக்கென்று கடற்கரை மணலை அள்ளிப் போடுவதும் வழக்கமாக இருக்கிறது. உப்பு இருக்கட்டும், அந்த மணி பொடியானது, தும்புத்தூளின் இடைவெளிகளுக்குள் புகுந்து அவற்றை அடைத்துவிடும். சாடியின் அடியில் கல்லும் ஓட்டுத்துண்டும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை இன்னும் பழையது. பாத்திரம் கழுவும் பஞ்சை நனைத்துத் தட்டையாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றபின் அதையே செங்குத்தாக நிமிர்த்தினால் மறுபடியும் தண்ணீர் ஒழுகும். உயரம் கூடினால் வடிவதும் கூடுகிறது, அவ்வளவுதான். நுண்ணிய இடைவெளிகளில் தங்கிய நீர், அவை நிரம்பி வழியும் வரை கீழேயுள்ள பெருங்கல்லுக்குள் இறங்காது. ஆகவே கல்லை அடுக்கும்போது நாம் செய்வது, அடியில் தேங்கும் சேற்றுப் படையை வேருக்குக் கிட்டத் தூக்கி வைப்பதே.

அடுத்தது கூட்டெரு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரையான மாதங்களில், சேதனப் பசளை என்ற பெயரில் எதையும் சாக்கில் கட்டி விற்கலாம் என்றாகியிருந்தது. அந்த நாட்களில் நான் வாங்கிய ஒரு சாக்கை அவிழ்த்தபோது உள்ளே கை வைக்க முடியாத சூடு. வைக்கோல் வைக்கோலாகவே இருந்தது. அவசரத்தில் அதைக் கலந்து நட்ட கத்தரிக் கன்றுகள் இரண்டு கிழமைக்குள் வெளிறி நின்றன. காரணம் எளிது. காபன் மிகுந்த பொருளை உக்கச் செய்யும் நுண்ணங்கிகளுக்கும் நைதரசன் தேவை. அதை அவை கலவையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் செடிக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. காபன்–நைதரசன் விகிதம், அதாவது ஒரு பங்கு நைதரசனுக்கு எத்தனை பங்கு காபன் என்ற கணக்கு, 20க்குக் கீழே இறங்கிய கூட்டெருவில் இந்தப் போட்டி இராது. மரத்தூளில் அவ்விகிதம் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

ஆய்வுகூடம் இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். ஒரு கோப்பையில் கூட்டெரு, மறு கோப்பையில் கழுவிய மணல், இரண்டிலும் பத்துப் பச்சைப் பயறு ஊன்றுங்கள். மணலில் ஒன்பது முளைத்து, கூட்டெருவில் நான்கு மட்டும் கோணலாக எழுந்தால் அந்தச் சாக்கை இன்னும் ஒரு மாதம் கட்டி வைக்க வேண்டும். ஈரமாக்கிய ஒரு கைப்பிடியைப் பொலித்தீன் பையில் மூன்று நாள் இறுக்கிக் கட்டி, திறந்து முகர்ந்து பார்ப்பதும் நல்ல சோதனை. மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியாவோ புளித்த வாடையோ வந்தால் வேலை முடியவில்லை.

காய்ந்த சேதனப் பசளைகளுக்கு வந்தால், இங்கே அளவில் விடும் பிழைதான் செடியைக் கொல்கிறது. வட அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கன அடிக்கு ஒரு கப் என்று சொல்வார்கள். ஒரு கன அடி 28 லீற்றருக்குச் சற்று மேல். நம்மவர்கள் கன அடியை விட்டுவிட்டு, 10 லீற்றர் வாளிச் சாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு கப் போடுகிறார்கள். அது ஏறக்குறைய மூன்று மடங்கு. இரத்தத்தூளில் நைதரசன் 12 சதவீதம் அளவில் இருக்கும், வேப்பம் பிண்ணாக்கில் 4 அல்லது 5. ஆகவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே கப்பால் அளப்பதும் சரிவராது. வேப்பம் பிண்ணாக்கென்றால் 10 லீற்றருக்கு 20 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

கோழி எருவில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்து தூளாக இருந்ததால் உக்கிவிட்டது என்று நம்பிச் சாடிக்கு இரண்டு கை போட்டு, அன்றே கொச்சிக் கன்றுகளை நட்டேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் கடதாசி போல் கருகின. பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனிகள் பழுப்பாகச் சுருண்டிருந்தன. காய்ந்தது வேறு, உக்கியது வேறு. காய்ந்த எருவில் நுண்ணங்கிகள் உறங்குகின்றன; ஈரம் பட்டதும் எல்லாம் ஒன்றாக விழித்து அமோனியாவை வெளிவிடும். கலவையைச் சேர்த்தபின் இரண்டு முதல் நான்கு கிழமை நிழலில் பதப்படுத்த வேண்டும் என்பது இதற்காகத்தான். அந்தக் காலம் முழுவதும் கலவை ஈரமாக இருக்க வேண்டும்; கையில் இறுக்கிப் பிடித்தால் ஓரிரு துளி மட்டும் கசிகிற ஈரம். உலர்ந்த கலவையைச் சாக்கில் கட்டி ஒரு மாதம் மூலையில் வைத்தால் நாட்காட்டியில் மட்டுமே மாதம் கழியும். புது எருவோடு சாம்பலைச் சேர்த்துப் பதப்படுத்துவதும் வேண்டாம். காரத்தில் நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பெயரைப் பார்த்து ஈடு பிடிப்பது இன்னொரு வகைப் பிழை. பாறைப் பொஸ்பேற்று என்றதும் இலங்கையிலேயே தோண்டியெடுக்கும் எப்பாவலப் பாறைப் பொஸ்பேற்றை வாங்குவார்கள். அது மிக மெதுவாகக் கரைவது; தேயிலை, இறப்பர், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு ஏற்றது; சில மாதப் பயிருக்கு அதிலிருந்து கிடைப்பது சொற்பம். மீன்தூள் என்றதும் கருவாட்டுக் கழிவை இடிப்பவர்கள் உப்பையே இடிக்கிறார்கள். கடற்பாசித்தூளுக்கு ஈடாக வாவியில் ஒதுங்கும் சாதாழையைக் காயவைப்பதும் அப்படித்தான். தும்புத்தூளிலேயே பொட்டாசியம் தாராளமாக இருக்கும்போது, அதற்கு மேல் மட்டைச் சாம்பலையும் சேர்த்தால் மக்னீசியமும் கல்சியமும் பின்னுக்குப் போகும். இறால் கோது நல்ல பொருள்தான். ஆனால் கழுவிக் கூட்டெருக் குவியலுக்குள் போய் வரட்டும். நேரே சாடிக்குள் புதைத்தால் முதலில் வருவது அயல்வீட்டுப் பூனை.

நைதரசனை விடுவிக்கும் நுண்ணங்கிகள் 25 முதல் 35 பாகை வரையான வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்கும். நம் விறாந்தை ஆண்டின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே குளிர்ந்த அறையில் நாலு மாதம் தாங்கும் பசளை இங்கே அதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதற்காக ஆரம்பத்திலேயே இரட்டிப்பாகப் போடுவது வேரைச் சுடும். தொடக்கத்தில் குறைவாகக் கலந்து, பூ எடுக்கும் பருவத்திலிருந்து மாதமொரு முறை ஒரு மேசைக்கரண்டி பிண்ணாக்கையும் ஒரு கை கூட்டெருவையும் மேலே தூவிக் கிளறிவிடுவதே பொருத்தம். மாரியில் வெளியே நிற்கும் சாடிக்கு இது அடிக்கடி தேவைப்படும், மழை கழுவிவிடும். கூரைக்குள் நிற்கும் சாடிக்கு நேர்மாறான தொல்லை: தட்டில் வடிந்த நீரை மறுபடி உறிஞ்ச விட்டால் உப்பு வெளியே போக வழியின்றி மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்காகப் படியும். தட்டைக் கொட்டிவிட வேண்டும்.

கலவைக்குச் செலவு குறையட்டும் என்று வளவு மண்ணைச் சேர்ப்பவர்கள், அதில் முன்பு கத்தரியோ தக்காளியோ வாடிச் செத்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். நண்பகலில் வாடி மாலையில் தெளிந்து, சில நாட்களில் பச்சையாகவே சாய்ந்த செடியின் அடித்தண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல்; அந்த மண்ணுக்கும் சாடிக்கும் உறவு வேண்டாம். பழைய சாடிக் கலவையைத் திரும்பப் பாவிக்கும்போதும் பிடுங்கிய செடியின் வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். சிறு மணிகள் கோத்தது போல் வீங்கிய முடிச்சுகள் இருந்தால் அது வட்டப்புழுவின் வேலை. அந்தக் கலவையை ஈரமாக்கி மெல்லியதாகப் பரப்பி, தெளிந்த பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் அழுத்தி, வைகாசி ஆனி வெயிலில் நான்கு முதல் ஆறு கிழமை விட்டபின், புதுக் கூட்டெரு சேர்த்து, வெண்டி, கத்தரி போன்றவற்றைத் தவிர்த்துக் கீரை வகை எதற்காவது கொடுக்கலாம்.