நாயின் முட்டி ஜவ்வு ஒரே நாளில் கிழிவதில்லை

"படியிலிருந்து குதிச்சான், அன்னிக்கிலேர்ந்து பின்னங்காலைத் தூக்கிட்டே நிக்கிறான்" என்று லாப்ரடார் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் குதியைக் காரணமாக நினைப்பதுதான் முதல் தவறு. ஃபுட்பால் ஆடுகிறவருக்கு ஒரே திருப்பில் ஜவ்வு அறுந்துபோகலாம். பெரிய நாய்களுக்குப் பெரும்பாலும் அப்படியில்லை. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஜவ்வு மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து, கடைசியில் ஒரு சின்னக் குதியில் விட்டுப்போகிறது. லாப்ரடார், ராட்வைலர் மாதிரி இனங்களுக்குப் பரம்பரையாகவே இந்த ஆபத்து கூடுதல்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் அதிகம் பார்ப்பது எடைப் பிரச்சினை. மிச்சமான சோறு, மரச்சீனிக் கிழங்கு, வருகிற விருந்தாளி போடும் பிஸ்கட் எல்லாம் நாய்க்குத்தான் போகிறது, "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். விலாவை லேசாகத் தடவிப் பாருங்கள், எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லையா, எடை கூடிவிட்டது. வாரம் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளைக் கடற்கரை மணலில் மூச்சு வாங்க ஓடவிடுவதும் தவறுதான், தினமும் அளவான நடைதான் தொடைத் தசையை வலுவாக வைக்கும். மழைக்காலத்தில் வழுக்கும் டைல்ஸில் ஒரு கயிற்றுப் பாயாவது விரியுங்கள்.

குட்டிக்கு முழுமையான குட்டித் தீவனம் கொடுக்கிறீர்கள் என்றால் அதற்கு மேல் கால்சியம் டானிக் வேண்டாம், பெரிய இனக் குட்டிகளுக்கு அது எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். கருத்தடையையும் ஒரு வயதுக்கு முன்பே அவசரப்பட்டுச் செய்யாமல் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

நான் செய்த தவறு வேறு. எங்கள் நாய் இரண்டு நாள் நொண்டியது, அப்புறம் சரியாகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். உட்காரும்போது ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டியதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பாதி கிழிந்த ஜவ்வு அப்படித்தான் காட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் நிம்மதி அடையாதீர்கள், ஜவ்வு அதில் தெரியாது. டாக்டர் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள், முதலாவது ரத்தத்தையும் ஈரலையும் கெடுக்கும், இரண்டாவது வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைப் பாழாக்கும்.

உள்ளூரில் ஆபரேஷன் வசதி இல்லையென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ஒரு கால் சரியானதும் எடையைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், ஒரு காலில் ஜவ்வு அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்றக் காலிலும் பின்னால் அறுகிறது.